சினை நாய்க்குக் குழம்புச் சோறா, பாக்கெட் தீனியா?

பள்ளத்தூரில் எங்களுக்கு வேண்டிய ஆச்சி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "தம்பி, லெச்சுமி வயித்துல குட்டி இருக்கு. மகன் சிங்கப்பூர்லருந்து பேசுறப்ப எல்லாம் பாக்கெட்டுத் தீனி வாங்கிப் போடுங்கங்கிறான். சமைக்க வர்ற அக்கா, கறியும் சோறும்தான் உடம்புல ஒட்டும்ங்குது. மருந்துக் கடையில ஒரு டானிக்கை எடுத்து நீட்டுறாங்க. நான் எதைத்தான் செய்ய?"

லெச்சுமி, சிப்பிப்பாறை கலந்த நாட்டு நாய். எடை 16 கிலோ. இணை சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. குட்டி போடும்போது சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும். ஆச்சிக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் இதே மூன்று குரல்களும் இப்படித்தான் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

முதலில் நாள் கணக்கு. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். 58இல் போடுவதும் உண்டு, 68 வரை இழுப்பதும் உண்டு. இதில் முதல் ஐந்து வாரத்துக்குச் சாப்பாட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை. இதை யாரும் நம்புவதில்லை. வயிற்றில் குட்டி என்று தெரிந்த மறுநாளே கறிக்கடைக்கு ஓடுகிறார்கள். குட்டிகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று வாரத்தில்தான் நடக்கிறது. அதற்கு முன்னால் அள்ளி வைத்தால் தாய்க்குத்தான் கொழுப்பு கூடும். கொழுத்த நாய்க்குப் பிரசவம் கஷ்டம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில நாய்கள் ஓரிரு நாள் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடும், வாந்தியும் எடுக்கும். அது மசக்கை மாதிரிதான். அதைப் பார்த்துப் பயந்து மட்டன் சூப் வைக்க ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறாவது வாரத்திலிருந்துதான் உண்மையான கேள்வி வருகிறது. லெச்சுமி எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 900 கலோரி போதும். கடைசி வாரங்களில் அதைப் படிப்படியாகக் கூட்டி ஒன்றரை மடங்கு வரை கொண்டுபோக வேண்டும். அதாவது 1,350 கலோரி. குட்டி போட்ட பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில் பால் குடி உச்சத்துக்குப் போகும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, குட்டிகள் அதிகமிருந்தால் அதற்கு மேலும் கேட்கும்.

இப்போது சமைக்கிற அக்காவின் கட்சியைப் பார்ப்போம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கிறது. 1,350 கலோரியைச் சோற்றிலிருந்தே எடுப்பதென்றால் ஒரு கிலோவுக்கு மேல் சோறு உள்ளே போக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கர்ப்பப்பை வயிறு முழுக்க அடைத்துக்கொண்டு இரைப்பையை நெருக்கும். நாய்க்குப் பசிக்கும், உள்ளே இடம் இருக்காது. இதே 1,350 கலோரி, குட்டி நாய்களுக்கான நல்ல உலர் தீனியில் 350, 360 கிராமுக்குள் வந்துவிடும். சோற்றுக்கும் பாக்கெட்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் இந்தக் கொள்ளளவுதான். சோறு கெட்டது என்று யாராவது சொன்னால் அது தவறு. கடைசி நாட்களில் தாய்க்கு மாவுச்சத்து ஓரளவு கட்டாயம் வேண்டும், கறி மட்டும் போட்டு வளர்த்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. சோற்றால் வயிறு நிரம்பும், குட்டிக்கு உடம்பு கட்ட அது மட்டும் போதாது என்பதுதான் விஷயம்.

அடுத்து குழம்பு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எது? ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ வெங்காயம் வதங்கும். சோறு மிஞ்சினால் அந்தக் குழம்பைப் பிசைந்து நாய்க்கு வைப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. வதக்கினாலும், கொதிக்க வைத்தாலும், அரைத்து விட்டாலும் அந்தத் தன்மை போகாது. சாப்பிட்ட அன்றே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். "எங்க நாய் பத்து வருஷமா இதைத்தான் தின்னுது" என்பார்கள். கொஞ்சமாகத் தின்று தாங்கிக்கொண்டிருக்கலாம். வயிற்றில் ஆறு உயிரைச் சுமக்கும்போது, அந்த ஆறுக்கும் ஆக்சிஜன் கொண்டுபோகிற ரத்தத்தோடு விளையாடலாமா? பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் ஆகாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பும் வேண்டாம், உடைந்தால் ஊசியாகக் குடலைக் குத்தும்.

அதனால் வீட்டுச் சாப்பாடு என்றால் நாய்க்கென்று தனியாக ஏற்றிய பானை என்றுதான் அர்த்தம். லெச்சுமிக்குக் கடைசி வாரத்தில் ஒரு நாளுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழைய வெந்த சோறு அரைக் கிலோ, எலும்பு நீக்கி உப்பு உறைப்பில்லாமல் வேகவைத்த தொடைக்கறி கால் கிலோ, வேகவைத்த முட்டை மூன்று, ஒரு கைப்பிடி மசித்த பூசணி அல்லது கேரட். இது ஏறக்குறைய 1,350 கலோரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மொத்த எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு வேளையாகப் பிரித்தால் உள்ளே போகும். முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்ற வேண்டாம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், கிருமி பயமும் உண்டு. ஈரல் நல்லதுதான், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு சிறு துண்டு போதும். தினம் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிதமிஞ்சி, அதுவே வயிற்றுக் குட்டிக்குக் கேடாகிவிடும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து மிகவும் குறைவு. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருந்தால் கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான் தேறும். சினையிலும் பால் கொடுக்கும்போதும் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடியோ இருக்க வேண்டும். சோறு, கறி, முட்டை மூன்றையும் எப்படிக் கலந்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் களி கலந்து வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிக் கணக்கை நேர்செய்ய முடியாது. முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால், நாயின் எடையையும் என்ன வைக்கிறீர்கள் என்பதையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மகன் சொல்லும் பாக்கெட். நல்ல பாக்கெட் தீனியில் புரதம், கொழுப்பு, கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள், நாம் கணக்குப் போட வேண்டாம். இதுதான் அதன் பெரிய பலம். ஆனால் எந்தப் பாக்கெட் என்பதில்தான் ஏமாறுகிறோம். வளர்ந்த நாய்க்கான சாதாரணத் தீனி இதற்குப் போதாது. குட்டிகளுக்கானது, அல்லது தாய்க்கும் குட்டிக்கும் சேர்த்து என்று எழுதியிருப்பது வேண்டும். பின்பக்கம் புரதம் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். சாக்கிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் உதிரித் தீனியை இந்த நேரத்தில் வாங்கவே வேண்டாம். எந்த மாதம் தயாரித்தது என்று தெரியாது, நம் வெயிலில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்கெடுத்துவிடும்.

பாக்கெட்டின் குறை விலை. அப்புறம், லெச்சுமி மாதிரி இத்தனை வருடம் சோறு தின்றே பழகிய நாய் அதை மோந்துகூடப் பார்க்காது. திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கும் வரும். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு முதலில் கால் பங்கு, பிறகு பாதி என்று மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மேலே இரண்டு கரண்டி கறி வெந்த தண்ணீரை விட்டால் பெரும்பாலான நாட்டு நாய்கள் வழிக்கு வந்துவிடும்.

மூன்றாவது வழி இரண்டையும் கலப்பது. நான் ஆச்சிக்குச் சொன்னது இதைத்தான். முக்கால் பங்குக்கு மேல் பாக்கெட், மிச்சம் வீட்டுச் சாப்பாடு. காலையும் மாலையும் ராத்திரியும் ஊறவைத்த தீனி. நடுப்பகலில் சிறு கிண்ணம் சோறும் கறியும், அல்லது வெந்த முட்டை. பாக்கெட்டின் கணக்கும் குலையாது, லெச்சுமிக்கும் தட்டில் பழகிய வாசனை இருக்கும். செலவைப் பார்த்தால், முழுக்க வீட்டுச் சாப்பாட்டுக்குத் தினம் கால் கிலோ கறியும் மூன்று முட்டையும் ஆகிறது. அதைக் கூட்டிப் பார்த்த பிறகு பாக்கெட் அவ்வளவு தூரத்தில் இல்லை. கையில் பணம் குறைவு, தெருநாய் ஒன்றுக்குச் சோறு வைக்கிறீர்கள் என்றால், கடைசி மூன்று வாரமும் பால் கொடுக்கும் முதல் ஒரு மாதமும் மட்டுமாவது குட்டித் தீனியைக் கலந்து வையுங்கள். பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

பாலைப் பற்றிக் கேட்டார்கள். பல நாய்களுக்குப் பசும்பால் வயிற்றைக் கலக்கிவிடும். ஒத்துக்கொள்கிற நாய்க்குக் கொஞ்சம் தயிர்சோறு தப்பில்லை. அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் எந்நேரமும், இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்த டானிக். மூன்று குரலில் நான் முற்றிலும் வேண்டாம் என்பது இதை மட்டும்தான். காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

எங்களிடம் கருப்பி என்று ஒரு சின்ன நாய் இருந்தது, ஒன்பது கிலோ. சினை என்று தெரிந்ததும் கடையில் சொன்னார்களே என்று கால்சியம் டானிக்கைத் தினம் இரண்டு வேளை ஊற்றினோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். ஆறு குட்டி போட்டாள், ஆறும் கொழுகொழுவென்று வளர்ந்தன. பதினேழாம் நாள் ராத்திரி, குட்டிகளை விட்டு எழுந்து முற்றத்தில் இங்குமங்கும் நடந்தாள். கால் நான்கும் மரக்கால் மாதிரி விறைத்திருந்தன. வெயில் இல்லாத நேரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தாள். கையை முதுகில் வைத்தேன். தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, கொதிக்கும் பாத்திரத்து மூடி நடுங்குவது போல. அரை மணி நேரத்தில் சாய்ந்து விழுந்து வெட்டிழுக்க ஆரம்பித்தது. மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியம் ஊசியை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். அந்த நடுக்கம் என் கண் முன்னால் அடங்கியது.

டானிக் ஊற்றியும் கால்சியம் குறைந்தது எப்படி என்று கேட்டேன். அவர் விளக்கியது இதுதான்: பால் ஊறும்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கினால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி உத்தரவிடும். சினைக்காலம் முழுக்க வெளியிலிருந்து அளவுக்கு மீறிக் கால்சியம் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி மந்தமாகிவிடும். குட்டிகள் ஒரேயடியாக உறிஞ்சும் நாளில் அது விழித்து வேலையைத் தொடங்குவதற்குள் ரத்தத்தில் கால்சியம் கீழே போய்விடும். சிறிய நாய், நிறையக் குட்டி, பிரசவமாகி இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று இருந்தால் பயம் அதிகம். அன்று குட்டிகளை ஒரு நாள் முழுக்கத் தாயிடமிருந்து பிரித்து, நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தோம். பசும்பாலைவிட நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் வெறும் பசும்பால் போதாது.

முன்னால் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கால்சியம் சேர்க்க வேண்டும் என்றேன், இங்கே வேண்டாம் என்கிறேன். இரண்டும் முரண் இல்லை. குறைகிற அளவை மருத்துவர் சொல்லி ஈடுகட்டுவது வேறு. குட்டித் தீனி சாப்பிடுகிற நாய்க்கு அதற்கு மேல் டானிக் ஊற்றுவது வேறு. லெச்சுமிக்குப் பாக்கெட் தீனி என்று முடிவானதால் டானிக் பாட்டில் வீட்டுக்கே வர வேண்டாம்.

எங்கே படுக்கவைப்பது என்பதற்கும் வருகிறேன். செட்டிநாட்டு வீட்டில் இது ஒரு தனிக் கேள்வி. ஆச்சி வீட்டில் மூன்று இடம் இருக்கிறது: வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓரமாக ஒரு தாழ்வாரம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் சாமான் அறை, பின்னால் பழைய மாட்டுக் கொட்டகை. கொட்டகை காற்றோட்டமானது, நாய்க்குப் பழகிய இடமும்கூட. ஆனால் சித்திரையில் ஓட்டுக்கூரை அனல் கக்கும், பாம்பு நடமாட்டம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக எறும்பு. பிறந்த குட்டியைக் கட்டெறும்பு மொய்த்தால் அதற்கு நகரக்கூடத் தெரியாது. வளவு குளுமையானது, ஆனால் ஆள் வரப்போக இருந்தால் தாய்க்கு நிம்மதி இருக்காது, குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எனக்குச் சாமான் அறைதான் சரி என்று படுகிறது. அரை இருட்டு, தடித்த சுவர், ஒரே வாசல்.

அங்கே கீழே ஆத்தங்குடி கல் பதித்திருக்கிறது. கண்ணாடி மேல் வார்த்த வழவழப்பு அதற்கு. நமக்கு வெறுங்காலில் நடக்கச் சுகம். குட்டிகள் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் எழுந்து நிற்கப் பார்க்கும்போது அந்த வழுக்கலில் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். சில குட்டிகள் அப்படியே தவளை மாதிரி நீந்தத் தொடங்கிவிடும். பக்கம் உயர்ந்த மரப்பெட்டி அல்லது பலகைத் தடுப்பு வைத்து, அடியில் தடித்த ஜமுக்காளம், அதன்மேல் துவைத்த பழைய வேட்டியை இறுக்கி விரியுங்கள். சாக்கு வேண்டாம், நூல் பிரிந்து குட்டி கழுத்தில் சுற்றும். பெட்டியின் கால்களை எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம், குட்டி எட்டாத கிண்ணமாக இருக்கட்டும். எறும்புப் பவுடரும் பினாயிலும் அந்த அறைக்குள் வரவே கூடாது. முதல் வாரக் குட்டிக்கு 29இலிருந்து 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். மார்கழி என்றால் பல்பு போட வேண்டியிருக்கும், சித்திரையில் தேவைப்படாது. பெட்டியைப் பிரசவத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வைத்து, சாப்பாட்டையும் அங்கேயே வைத்துப் பழக்கிவிடுங்கள்.

குடற்புழு மருந்து, உண்ணி மருந்து இரண்டையும் மருத்துவரைக் கேட்டுத்தான். உருண்டைப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்குப் போகும் என்பதால் சினைக்குப் பொருந்தும் மருந்தை 40ஆம் நாள் வாக்கில் தொடங்குவது உண்டு. கைக்குக் கிடைத்த உண்ணிப் பவுடரைத் தடவுவது ஆபத்து.

ஸ்கேனா, எக்ஸ்ரேயா? நான்கு வாரத்தில் ஸ்கேன் பார்த்தால் குட்டி இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா தெரியும், எண்ணிக்கை சரியாக வராது. 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு உறைந்திருக்கும், தலையை எண்ணிச் சொல்லிவிடலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் எக்ஸ்ரே எடுப்பேன். ஐந்து என்று தெரிந்து நான்கு மட்டும் வந்திருந்தால், நடுராத்திரியில் என்ன செய்வது என்பதில் குழப்பம் இருக்காது.

பிரசவம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? பெரும்பாலான நாட்டு நாய்கள் வீட்டில் தானாகப் போட்டுவிடும், தூரத்தில் இருந்து பார்ப்பதுதான் நம் வேலை. 58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். வழக்கமாக 101இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் சூடு 99க்குக் கீழே இறங்கினால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வலி வரும். பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை, உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரிந்தும் அடுத்ததற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிற நீர் வடிகிறது, இதில் ஏதாவது ஒன்று என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பள்ளத்தூரில் ராத்திரி ஒரு மணிக்கு யாரைத் தேடுவது என்றுதான் ஆச்சி கேட்டார். அதைப் பகலிலேயே முடித்துவைக்கச் சொன்னேன். காரைக்குடியில் பார்க்கும் மருத்துவரிடம் இரவு வருவாரா, அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் மதுரைக்கா, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கா என்று இந்த வாரமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாயை ஏற்றச் சம்மதிக்கும் கார்க்காரர் ஒருவரிடமும் பேசிவைக்க வேண்டும். ஆச்சி மறுநாளே பேசிவிட்டார். இரண்டு நம்பரையும் சமையல்கட்டுக் கதவின் உள்பக்கத்தில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி, சமைக்கிற அக்காவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்த்தாராம்.